தீக்குச்சி, பேப்பர், பூவரச இலை: வீட்டுலயே பசங்களோட சயின்ஸ் பண்றது எப்படி

ஞாயித்துக்கிழமை காலைல எங்க மொட்டை மாடிக்கு தெரு பசங்க ஏழெட்டு பேர் வருவாங்க, ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் படிக்கிறவங்க. ரெண்டு வருஷமா அவங்களோட சின்னச் சின்னதா ஏதாவது செஞ்சு பாக்குறேன். காசு குடுத்து கிட் எதுவும் வாங்கினதில்ல, வீட்டுல இருக்கறதும் பஞ்சர் கடைல கிடைக்கறதும் போதும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. எதை செஞ்சாலும் முதல்ல "என்ன ஆகும்னு நினைக்கிற?"ன்னு கேளுங்க. சிலேட்டுல எழுதட்டும், எழுத வராத வாண்டு படம் போடட்டும். அப்புறம்தான் சாமானை கைல குடுக்கணும். நாமளே விடைய சொல்லிட்டு செஞ்சு காட்டினா அது மேஜிக் ஷோ மாதிரி ஆயிடும், கை தட்டிட்டு போயிடுவாங்க. தான் நினைச்சது தப்பா போகும்போதுதான் "ஏன் அப்படி?"ன்னு அவங்க வாயில இருந்தே வரும், அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

முதல்ல தீக்குச்சி. ரெண்டு தீப்பெட்டியும் ஒரு மீட்டர் வால்வ் டியூபும் வேணும், சைக்கிள் வால்வு மேல மாட்டுவாங்களே அந்த மெல்லிசு ரப்பர் குழாய். குச்சியோட மருந்து முனையை தண்ணில நனைச்சு பெரியவங்களே வெட்டி எடுத்துடுங்க, அதை பசங்க கிட்ட விடாதீங்க. டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியா சொருகினா ஒரு மூட்டு ரெடி. குச்சி ரெண்டும் உள்ள இடிச்சுக்காம நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க, அப்பதான் மடங்கும். மூணாவது குச்சி சேக்கணும்னா டியூப் நடுவுல ஊசியால ஓட்டை போட்டு அதுல சொருகணும்.

இப்ப ஒரு முக்கோணம், ஒரு சதுரம் செய்ய சொல்லுங்க. எது பலமா இருக்கும்னு கேட்டா முக்கால்வாசி பசங்க சதுரம்னுதான் சொல்லுவாங்க, நாலு குச்சி இருக்குல்ல. அமுக்கி பாத்தா சதுரம் அப்படியே சாஞ்சுடும், முக்கோணம் அசையாது. அடுத்து சதுரத்தை எப்படியாவது நிக்க வைன்னு சொல்லிட்டு பேசாம உக்காந்துடுங்க. குறுக்க ஒரு குச்சி போட பாப்பாங்க, ஆனா மூலைக்கு மூலை தூரம் ஜாஸ்தி, தீக்குச்சி எட்டாது. இங்கதான் நமக்கு கை பரபரக்கும், பொறுத்துக்கணும். போன மாசம் நாலாப்பு படிக்கிற ஒரு பொண்ணு ரொம்ப நேரம் முழிச்சுட்டு, குச்சி எட்டுற வரைக்கும் சதுரத்தையே சாய்ச்சு சொருகிட்டா. டைமண்டு மாதிரி கோணலா வந்துச்சு, ஆனா அமுக்கினா அசையல. "இது ரெண்டு முக்கோணம்"னு அவளே சொன்னா. இன்னொருத்தன் விளக்கமாத்து ஈர்க்குச்சிய நீளமா ஒடிச்சு குறுக்க போட்டான், அதுவும் சரிதான். அப்புறம் மாடில இருந்தே செல்போன் டவரை காட்டினேன், எத்தனை முக்கோணம்னு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914ல திறந்தது, நடுவுல தூக்கற பகுதிய போட்டோல காட்டுங்க, அங்கயும் முக்கோணம்தான்.

இந்த தீக்குச்சி வித்தைய கொண்டு வந்தவர் அரவிந்த் குப்தா. ஐஐடி கான்பூர்ல படிச்ச இன்ஜினியர், 1978ல வேலைக்கு லீவு போட்டுட்டு மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்துல கிராமத்து ஸ்கூல் பசங்களுக்கான அறிவியல் திட்டத்துல சேர்ந்தவர். 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. கண் முன்னாடி கிடைக்கற சாமான்லயே எவ்வளவு செய்யலாம்னு அவர்கிட்டதான் நான் கத்துக்கிட்டேன்.

அடுத்தது பேப்பர் பாலம். ரெண்டு புத்தக அடுக்கு, நடுவுல ஒரு ஜாண் இடைவெளி, மேல ஒரு ஏ4 பேப்பர். ஒரு ரூபா காசு ஒண்ணு ரெண்டு வெச்சதுமே தொய்ஞ்சு விழும். அதே பேப்பரை விசிறி மாதிரி ஒரு விரல் அகலத்துக்கு மடிச்சு மடிச்சு வெச்சு, மேல ஒரு கல்யாண பத்திரிகை அட்டைய போட்டு காசு வைக்க சொல்லுங்க. சத்தமா எண்ணிக்கிட்டே வெப்பாங்க பாருங்க, மூச்சு கூட விட மாட்டாங்க. மடிப்பு நீளவாக்குல போகணும், அதாவது ஒரு அடுக்குல இருந்து இன்னொரு அடுக்குக்கு. யாராவது குறுக்க மடிச்சா திருத்தாதீங்க, விழட்டும், ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாக்கட்டும். கூரைக்கு போடற தகர ஷீட் ஏன் அலை அலையா இருக்குன்னு அப்ப கேளுங்க.

பூவரச இலை பீப்பீ நம்ம தாத்தா காலத்து விளையாட்டு, ஆனா உள்ள இருக்கறது முழுக்க சயின்ஸ். இலையை காம்பு கிள்ளிட்டு சுருட்டி, ஒல்லியான முனைய லேசா அமுக்கி ஊதணும். பெரிய இலை, சின்ன இலைன்னு ரெண்டும் செஞ்சு எது கீச்சுன்னு கத்தும்னு முதல்ல சொல்ல வைங்க. அப்புறம் ஊதிட்டே பெரிய பீப்பீயோட அகலமான பக்கத்தை கத்தரிக்கோலால கொஞ்சம் கொஞ்சமா வெட்டினா சத்தம் ஏறிக்கிட்டே போகும். ஊதும்போது உதட்டுல கூசுதுல்ல, அந்த அதிர்வுதான் சத்தம். நாதஸ்வரத்து சீவாளியும் இப்படித்தான் அதிருது, அடுத்த தடவை கோயில் திருவிழாவுல பக்கத்துல கூட்டிட்டு போய் காட்டுங்க.

களிமண் உருண்டை முழுகும், அதையே கிண்ணமா தட்டினா மிதக்கும், புளியங்கொட்டை ஏத்தி யார் படகு ஜாஸ்தி தாங்குதுன்னு போட்டி வெக்கலாம். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஒண்ணாப்பு வாண்டுங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேணாம், முக்கால் மணி நேரம் போதும். ரெண்டு பேருக்கு ஒரு செட் சாமான் குடுங்க, நாலு பேருக்கு ஒண்ணுன்னா பெரிய பையன் செய்வான், மத்தவங்க பாத்துட்டு நிப்பாங்க. முடிஞ்சதும் தீக்குச்சி மூட்டுங்களை எல்லாம் டப்பால போட்டு வெயில் படாம வைங்க, ரப்பர் வெடிச்சா மூட்டு கழண்டுக்கும். சிலேட்டை மட்டும் அன்னைக்கே அழிக்க விடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டு போய் அம்மா அப்பா என்ன சொல்றாங்கன்னு அவங்க கேட்டுட்டு வரட்டும்.