7,41,62,088: ஒரு பெரிய எண்ணின் பண்புகளைப் படிப்படியாகக் கண்டறிதல்

எட்டு இலக்க எண் ஒன்றின் பண்புகளை அறிய வேண்டுமெனில், 2, 3, 4 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவதைவிட, அவ்வெண்ணை முதலில் பகா எண்களின் பெருக்கற்பலனாக எழுதிக்கொள்வதே சிக்கனமான வழியாகும். இதற்குத் தாளும் பேனாவும் போதும்.

படி 1: 2-ஐ வெளியேற்றுதல்

1000 என்பது 8-ஆல் மீதியின்றி வகுபடுவதால், எந்த எண்ணுக்கும் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே 8-ஆல் வகுபடுமா என்பது தெரிந்துவிடும். இங்கே 088 வகுபடுகிறது, ஈவு 92,70,261. அது ஒற்றை எண் என்பதால் 2-இன் வேலை முடிந்தது.

படி 2: 3-ஐ வெளியேற்றுதல்

92,70,261-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வருகிறது. ஆகவே 9-ஆல் வகுக்கலாம். கிடைக்கும் 10,30,029-இன் இலக்கக் கூடுதல் 15 என்பதால் மீண்டும் 3-ஆல் வகுக்க, 3,43,343 எஞ்சுகிறது. அதன் கூடுதல் 20. எனவே 3-உம் தீர்ந்தது. கடைசி இலக்கம் 3 ஆகையால் 5-க்கு இடமில்லை.

படி 3: 7, 11, 13

லட்சக் கணக்கில் இட்ட காற்புள்ளி இந்த இடத்தில் கண்ணை மறைக்கிறது. அதை நீக்கிவிட்டு மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்தால், 343 343 என ஒரே தொகுதி இருமுறை வருவது புலப்படும். அதாவது இது 343 × 1001. இதில் 343 = 7 × 7 × 7; 1001 = 7 × 11 × 13.

தொடக்க எண்ணிலேயே இதைக் கண்டிருக்கலாம். 74, 162, 088 எனப் பிரித்து, வலமிருந்து மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் பாருங்கள்: 88 − 162 + 74 = 0. 1000 என்பது 1001-ஐவிட ஒன்று குறைவு என்பதால்தான் இம்முறை பலிக்கிறது. வேறோர் எண்ணுக்கு 0 வராவிட்டாலும் கவலையில்லை. வரும் விடை இம்மூன்றில் எதனால் வகுபடுகிறதோ, அதனால் அந்த எண்ணும் வகுபடும்.

ஆக, 7,41,62,088 = 2³ × 3³ × 7⁴ × 11 × 13.

படி 4: வகுத்திகள்

ஒரு வகுத்தியை அமைக்கும்போது 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் மூன்று முறை வரை எடுக்கலாம்; ஆக நான்கு வழிகள். ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்குவதன் காரணம் இதுவே: 4 × 4 × 5 × 2 × 2 = 320. இவற்றுள் ஒற்றை எண்கள் 80.

அவற்றின் கூடுதலுக்கு 320 எண்களையும் எழுத வேண்டியதில்லை. (1+2+4+8) = 15; அவ்வாறே 3-க்கு 40, 7-க்கு 2801, 11-க்கு 12, 13-க்கு 14. ஐந்தையும் பெருக்கினால் 28,23,40,800. அதிலிருந்து எண்ணையே கழித்தாலும் மீதி அவ்வெண்ணைவிடப் பெரிதாக இருப்பதால், இது மிகை எண் வகையைச் சேர்ந்தது.

படி 5: முழு வர்க்கமா?

முழு வர்க்க எண்ணில் எல்லா அடுக்குகளும் இரட்டையாக இருக்க வேண்டும். இங்கே 7-இன் அடுக்கு மட்டுமே அப்படி உள்ளது. குறைபடும் 2, 3, 11, 13 ஆகியவற்றின் பெருக்கற்பலனான 858-ஆல் பெருக்கினால் முழு வர்க்கம் கிடைக்கும். அதன் வர்க்கமூலம் 2,52,252.