முதல் உலகப் போரின் காலவரிசையைக் குழப்பமின்றிப் படிப்பது எப்படி?

முதல் உலகப் போரைப் படிக்கத் தொடங்குவோரில் பலர், சாரயேவோ படுகொலையிலிருந்து 1918 நவம்பர் 11 வரையுள்ள தேதிகளை ஒரே சங்கிலியாக மனப்பாடம் செய்ய முயன்று, 1916-ஐ எட்டுவதற்குள் தடுமாறிவிடுகின்றனர். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு முழுத்தாளில் நான்கு பத்திகளாகக் கோடிட்டு, இந்தப் போரோடு மறைந்த நான்கு பேரரசுகளான ரஷ்யா, ஆஸ்திரியா-ஹங்கேரி, உதுமானியப் பேரரசு, ஜெர்மனி ஆகியவற்றின் பெயர்களை மேலே எழுதுங்கள். ஒவ்வொன்றும் போரில் இறங்கிய நாள், சண்டையை நிறுத்திய நாள், உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாள் ஆகிய மூன்றுக்கு மட்டும் முதலில் இடம் கொடுங்கள். ஜெர்மனியின் பத்திக்கு அடியில் சற்றுக் கூடுதலாகவே இடம் விடுங்கள்.

போரின் தொடக்கத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 1914 ஜூன் 28-இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சாரயேவோ நகரில் கொல்லப்பட்டார்; ஆனால் அதற்குச் செர்பியாவைக் குற்றம் சாட்டிய ஆஸ்திரியா, அந்நாட்டுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது ஜூலை 23-இல்தான். இடைப்பட்ட வாரங்களில் ஜெர்மனி தன் கூட்டாளியான ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை உறுதி செய்திருந்தது. ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியா மீதும், ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3-இல் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தன. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் மூண்ட சண்டைக்கு ஆகஸ்ட் 4-இல் பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை புகுந்தது ஏன் என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். ரஷ்யா தன் பெரும் படையைத் திரட்டி முடிப்பதற்குள் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பதே ஜெர்மனியின் திட்டம். அதற்கான வழி பெல்ஜியத்தின் ஊடாகச் சென்றது. அந்நாட்டின் நடுநிலைக்கு 1839-இலேயே உறுதியளித்திருந்த பிரிட்டன் அன்றே போரில் இறங்கியது. உதுமானியப் பேரரசு அக்டோபர் இறுதியில் வந்து சேர்ந்தது.

போர்க்களங்களுக்கு மார்ன் (1914), வெர்டூன், சோம் (இரண்டும் 1916) ஆகிய மூன்று பெயர்கள் தொடக்கத்துக்குப் போதும். நம் ஊர்ப் பேச்சில் 'எம்டன்' என்ற சொல் எப்படி வந்தது என்று அறிய விரும்புவோர், அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த 1914 செப்டம்பர் 22-ஐ ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

1917-ஐ மட்டும் தாளின் குறுக்கே ஒரு தடித்த கோடாக வரையுங்கள். அவ்வாண்டு ஏப்ரல் 6-இல் அமெரிக்கா உள்ளே வந்தது. டிசம்பர் 15-இல் ரஷ்யா சண்டையை நிறுத்தியது. ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்ததால், போல்ஷெவிக்குகள் (கம்யூனிஸ்டுகள்) ஆட்சியைப் பிடித்த 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7-இல் வரும். இரண்டையும் தனித்தனி நிகழ்ச்சிகளாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, போர்நிறுத்தத்தையும் சமாதான உடன்படிக்கையையும் பிரித்து எழுதுங்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. 1918-இல் உதுமானியப் பேரரசு அக்டோபர் 30-இலும், ஆஸ்திரியா-ஹங்கேரி நவம்பர் 3-இலும், ஜெர்மனி நவம்பர் 11-இலும் போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டன. உடன்படிக்கைகளோ பல ஆண்டுகள் நீண்டன. ஜெர்மனிக்கு வெர்செய்ல்ஸ், 1919 ஜூன் 28. அதாவது சாரயேவோ படுகொலையின் ஐந்தாம் ஆண்டு நாள். ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் அதற்குள் பிரிந்துவிட்டதால், அந்தப் பத்தியில் செயின்ட் ஜெர்மைன் (1919), ட்ரியனான் (1920) என இரண்டு உடன்படிக்கைகள் வரும்.

இரண்டு உடன்படிக்கைகளை எழுதிவிட்டு அடித்துவிட வேண்டும். ரஷ்யா 1918 மார்ச் 3-இல் ஒப்புக்கொண்ட பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையை ஜெர்மனியின் போர்நிறுத்தம் ரத்து செய்தது. உதுமானியர் மீது 1920-இல் சுமத்தப்பட்ட செவ்ரேஸ் உடன்படிக்கை, முஸ்தபா கமால் தலைமையிலான துருக்கியர் போரிட்டு வென்றதால் செல்லாமற்போய், 1923 ஜூலை 24-இல் லாசேன் உடன்படிக்கை அதன் இடத்துக்கு வந்தது.

இனி ஜெர்மனியின் பத்தியில் விட்டுவைத்த இடத்துக்கு வாருங்கள். 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு. 1923 ஜனவரியில் ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூரைப் பிரான்ஸும் பெல்ஜியமும் ஆக்கிரமித்தல். அவ்வாண்டே நாணயத்தின் வீழ்ச்சி. 1924-இல், இழப்பீட்டைச் செலுத்த வழிசெய்த டாவ்ஸ் திட்டத்தின் கடன். அந்த இழப்பீட்டுக்காக வெளியிட்ட கடன்பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி செலுத்திய நாளை, தாளின் அடிவிளிம்பில் எழுதுங்கள்: 2010 அக்டோபர் 3.