டர்பன் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர் பெட்டியை ரயிலில் சிட்டி டீப்புக்கு (ஜோகன்னஸ்பர்க்கின் உள்நாட்டுச் சரக்கு முனையம்) அனுப்ப

கப்பல் வந்தபின் ரயிலைத் தேடாதீர்கள். பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) போடும்போதே சேருமிடம் ஜோகன்னஸ்பர்க் சிட்டி டீப் என்று எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் சுங்க வேலையை அங்கே போய் முடிக்கலாம்.

அப்புறம் கண்டெய்னர் எண். 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டது, பிழை பிடிக்கத்தான். நான் ஒருமுறை அந்தக் கணக்கைப் பார்க்காமல் 3-ஐ 8 என்று தட்டிவிட்டேன். தைப்பூசக் காவடியன்று டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டார் காத்திருக்க, நான் துறைமுக வாசலில் வியர்த்துக்கொண்டு நின்றேன்!

கதவிலுள்ள சீல் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். ரயில் குலுக்கும்; சரக்கை உள்ளே இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். அவசரச் சரக்கா? சரி, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் லாரிதான்.