ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் கவனிக்க வேண்டிய ஆறாவது பல்

பிள்ளைகளின் பல் நலத்துக்காக ஓர் ஆசிரியர் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது, ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் காலத்தில் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றுவதே என்பது என் உறுதியான கருத்து. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் அது முளைப்பதால், பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் அடுத்த பல் வரும் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த பல் கிடையாது.

மாதம் ஒருமுறை பிள்ளையைத் தாழ்வாரத்தின் வெளிச்சத்தில் நிறுத்தி, வாயை அகலத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். விரலை உள்ளே விட வேண்டியதில்லை. முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஆறாவதாக, அகன்ற பரப்பும் ஆழமான வரிப்பள்ளங்களுமாக நிற்பதே அந்தப் பல். பள்ளங்களில் கறுப்புக் கோடோ குழியோ தெரிந்தால், அல்லது பிள்ளை ஒரே பக்கமாக மென்றால், பெயரைக் குறித்துவைத்து, தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது காட்டுங்கள். வலி, வீக்கம் இருந்தால் அவர்கள் வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்புங்கள். சொத்தை தொடங்குமுன் சென்றால், அந்தப் பள்ளங்களை மூடும் பூச்சைப் பல் மருத்துவர் இட முடியும்.

குறுவை நடவும் சம்பா அறுவடையும் நடக்கும் வாரங்களில் தாய் விடியுமுன் வயலுக்குச் சென்றுவிடுவதால், பிள்ளை பல் துலக்கியதா என்று பார்க்கப் பல வீடுகளில் ஆளிருப்பதில்லை. அது அவர்களின் குற்றமன்று. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிவைத்து மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் இப்போது பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். அதன் பிறகு குழாயடியில் ஆசிரியர் முன்னிலையில் 2 நிமிடம் துலக்கச் செய்யலாம். சொத்தையைத் தடுக்கும் ஃபுளூரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அல்லது அதற்கு மேல் உள்ள பற்பசை, பட்டாணி அளவு போதும். துலக்கியபின் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். வாய் நிறையத் தண்ணீர் கொப்பளித்தால் ஃபுளூரைடும் போய்விடும். பிரஷ்களைப் பெயர் எழுதி, ஒன்றையொன்று தொடாமல், தலைப்பகுதி மேலாக நிறுத்தி உலர விடுங்கள். இரவுத் துலக்கலைப் பெற்றோர் கூட்டத்தில் வலியுறுத்த வேண்டும். செங்கல் பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும் என்பதையும் பாட்டிமார் மனம் நோகாதபடி சொல்லுங்கள்.

கமர்கட்டும் தேன்மிட்டாயும் அடியோடு கூடாது என்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது. இனிப்பின் அளவைவிட, நாளில் எத்தனை முறை வாயில் போடுகிறோம் என்பதே சொத்தைக்குப் பெருங்காரணம் என்பதால், உணவோடு சேர்த்து ஒரே முறை தின்னப் பழக்குங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம். கண்டால் தலைமையாசிரியர் வழியாகப் புகார் அளியுங்கள்.

விளையாட்டில் நிலையான முன்பல் பெயர்ந்து விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் தண்ணீரில் மெல்ல அலசி, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்க முயலுங்கள். பால் பல்லாக இருந்தால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது. பிள்ளையை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.