நாற்பது கடன், ஒரே மழை: திட்டத் தொகுப்பின் மாறற்றிறனைக் கணக்கிடும் முறை

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சங்கத்தின் சுழற்சி நிதிக்கு (திரும்பி வரும் கடனையே மறுபடி கடனாகக் கொடுக்கும் நிதி) கணக்குப் பார்க்கிறேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "நாப்பது பேருக்குப் பிரிச்சுத்தானே குடுத்திருக்கு, எல்லாரும் ஒண்டா விழமாட்டாங்க." நாற்பது பேரும் நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பிப் பெரும்போகம் (மாரிக்கால நெல்) விதைத்தவர்கள் என்றால் ஒன்றாகத்தான் விழுவார்கள். எவ்வளவு ஒன்றாக என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

முதலில் ஒவ்வொரு திட்டத்தின் வருமானமும் எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகும் என்று நியம விலகலை ரூபாயில் எழுதுங்கள். உதாரணத்துக்கு வயல் 3 இலட்சம், நெல் மில் 2 இலட்சம், மருதமுனைக் கைத்தறி 1 இலட்சம். அப்புறம் சோடி சோடியாக இணைபு, அதாவது இரண்டும் எவ்வளவு ஒன்றாக ஏறி இறங்கும் என்ற எண்: முழுக்க ஒன்றாக என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. வயலும் மில்லும் 0.8, ஏனென்றால் நெல் வராவிட்டால் மில்லுக்கு வேலை இல்லை. வயலும் தறியும் 0.3, அறுவடைக் காசு வந்தால்தான் சனம் சாரம் சேலை வாங்கும். மில்லும் தறியும் 0.2.

எக்செலில் மூன்றுக்கு மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிரையின் விலகல், நிரலின் விலகல், அந்தச் சோடியின் இணைபு மூன்றையும் பெருக்குங்கள். மூலைவிட்டத்தில் இணைபு 1. எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் தொகுப்பின் மாறற்றிறன், அதாவது அதன் நியம விலகலின் வர்க்கம், வந்துவிடும். மூலைவிட்டம் 9 + 4 + 1 = 14. மற்றக் கட்டங்களில் ஒவ்வொரு சோடியும் இரண்டு தடவை வருவதால் 9.6 + 1.8 + 0.8 = 12.2. மொத்தம் 26.2. வர்க்கமூலம் எடுத்தால் தொகுப்பின் விலகல் ஏறத்தாழ 5.1 இலட்சம். இணைபை விட்டிருந்தால் 3.7 என்று வந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் நிதிகள் முழுகுகின்றன.

மூன்று திட்டத்துக்கு இது சுகம். நாற்பதுக்கு 780 சோடி வேண்டும். ஐந்தாறு போகத்துக் கணக்கை வைத்துக்கொண்டு 780 இணைபு கண்டுபிடிக்கிறேன் என்று இறங்குவது வீண்வேலை. கண்மதிப்பில் போட்டாலும் எண்கள் ஒன்றோடொன்று முரண்படும். முதலாவதும் இரண்டாவதும் 0.9, இரண்டாவதும் மூன்றாவதும் 0.9 என்றால், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.62க்குக் குறைவாகப் போடவே முடியாது. போட்டால், சில தொகுப்புகளுக்கு மாறற்றிறன் மறைப் பெறுமானமாகக்கூட வரும்.

அதனால் சோடிகளை விட்டுவிட்டுக் காரணத்தைப் பிடியுங்கள். எங்கள் பக்கத்தில் காரணங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. 2011 ஜனவரி வெள்ளம் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களை மூழ்கடித்தது. 2004 சுனாமி வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் கடலோரத்தை அடித்தது. 1978 நவம்பர் சூறாவளி இரு கரையையும் விடவில்லை. வெள்ளம் ஒரு காரணி, கடல் இன்னொன்று என்று வையுங்கள். ஒவ்வொரு திட்டத்தின் விலகலிலும் பொதுக் காரணியால் வருவது எவ்வளவு, அதன் சொந்தக் கோளாறால் (மோட்டார் பழுது, குடும்பத்தில் நோய் வருத்தம்) வருவது எவ்வளவு என்று பிரியுங்கள். பொதுப் பங்குகளை முதலில் கூட்டிப் பிறகு வர்க்கிக்க வேண்டும். சொந்தப் பங்குகளை முதலில் வர்க்கித்துப் பிறகு கூட்ட வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் கணக்கே மாறிவிடும். காரணிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இதைச் செய்து கூட்டலாம்.

நாற்பது வயற்கடன், ஒவ்வொன்றின் விலகலும் 1 இலட்சம், எந்த இரண்டுக்கும் இணைபு 0.5 என்று வைப்போம். பொதுப் பங்கு ஒவ்வொன்றிலும் 0.5இன் வர்க்கமூலம், 0.707. நாற்பதையும் கூட்டி வர்க்கித்தால் 800. சொந்தப் பங்கின் வர்க்கம் 0.5, நாற்பதுக்கும் 20. மாறற்றிறன் 820, விலகல் 28.6 இலட்சம். எல்லாம் தனித்தனி என்று நம்பிப் போட்டால் 6.3 இலட்சம்தான் வரும். இன்னும் நூறு வயலைச் சேர்த்தாலும் சொந்தப் பங்குதான் பரவிக் கரையும். மழை எல்லாருக்கும் ஒரே மழைதான்.

இணைபு 0.5 என்பது என் மதிப்பு. 0.3, 0.7 போட்டும் பாருங்கள். ஒரே வட்டை (வயல்வெளி), ஒரே வாய்க்கால் என்றால் நான் 0.7க்குக் கீழே இறங்கமாட்டேன்.

புது விண்ணப்பம் வரும்போது அதன் தனி ஆபத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேலே சொன்ன நாற்பதோடு அதே மாதிரி இன்னொரு வயலைச் சேர்த்தால் மாறற்றிறன் 1 + 2 × 40 × 0.5, அதாவது 41 கூடும். வயல்களோடு 0.1 மட்டுமே இணைபுள்ள, விலகல் 2 இலட்சமான திட்டம் ஒன்றைச் சேர்த்தால் 4 + 2 × 40 × 0.2 (இணைபு 0.1 × விலகல் 2), வெறும் 20. தனியே பார்த்தால் இரண்டு மடங்கு ஆபத்தான திட்டம், தொகுப்புக்குள் வயலில் பாதிகூட இல்லை.