ஜிமெயிலுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்களா? முதலில் ஆதாரம், பிறகு பாஸ்வேர்டு

பதற்றத்தில் எல்லோரும் உடனே பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அதற்கு முன் இரண்டே நிமிடம் ஒதுக்கி ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து இன்பாக்ஸின் அடிவரை போங்கள். வலது மூலையில் பொடி எழுத்தில் 'டீடெய்ல்ஸ்' என்று இருக்கும். அழுத்தினால் எந்த பிரவுசர், எந்த இடம், எந்த ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), எத்தனை மணி என்று வரிசையாக வரும். கணினியின் தேதியும் நேரமும் தெரியும்படி முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இடத்தின் பெயர் மாறியிருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மொபைல் டேட்டாவில் வேறு இடத்தைக் காட்டுவது சகஜம். உங்களிடம் இல்லாத போனோ பிரவுசரோ இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஏமாற்று மெயில் வந்திருந்தால் அழிக்காதீர்கள். மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' போய், டவுன்லோடு செய்யுங்கள். வெறுமனே ஃபார்வர்டு செய்தால் அது வந்த வழியைக் காட்டும் ஹெடர் போய்விடும்.

இனி கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி', 'யுவர் டிவைசஸ்' போய்த் தெரியாத சாதனத்தை 'சைன் அவுட்' செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இத்தோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. வந்தவர் உங்கள் மெயில்களைத் தன் முகவரிக்கு அனுப்பும்படி வைத்திருந்தால், பாஸ்வேர்டு மாறினாலும் அது நிற்காது. செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' இரண்டையும் பாருங்கள். கூகுள் கணக்கில், கணக்கை மீட்க உதவும் ரெகவரி மெயிலும் போன் எண்ணும் உங்களுடையவைதானா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதன் வழியாகவே திரும்ப நுழைவார். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) இயக்கி, போன் கையில் இல்லாதபோது நுழைய கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளையும் தாளில் எழுதி வையுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 கேட்பது ஒன்றுதான்: உள்ளே நுழைய அனுமதி இருந்ததா? கணவன், மனைவி, நண்பர் என்று யாருக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. அனுமதியின்றி நுழைந்ததற்கு இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்திருந்தால் பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தியதற்கு 66சி.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மற்றபடி தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த கணினியை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்: வழக்கு நீதிமன்றம் போனால், மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் தர வேண்டும், அதில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்ற விவரமும் கேட்பார்கள்.