என்ஜின் கவருக்கு வீட்டிலேயே பெயிண்ட்

காரின் என்ஜின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவர் வெளுத்துப்போனால் புதிது வாங்க வேண்டாம், என்ஜின் ஆறியதும் கழற்றி நாமே பெயிண்ட் அடிக்கலாம். பாதி வேலை கழுவுவதில்தான்: கிரீஸ் துளி இருந்தாலும் பெயிண்ட் தோல் தோலாக உரியும், அதனால் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு தடவை தேய்த்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டு உரசும் உப்புத்தாள்) பளபளப்பு போகும்வரை உரசி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பிளாஸ்டிக் பிரைமர் (பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), அது காய்ந்ததும் சூடு தாங்கும் ஸ்பிரே பெயிண்ட். ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிசாக 3 கோட், நடுவே 10, 15 நிமிடம். நம்ம வேலூர் வெயிலில் மதியம் மட்டும் அடிக்காதீர்கள், கவரில் படும் முன்பே காற்றில் காய்ந்து சொரசொரவென்று ஆகிவிடும் (என் முதல் கவர் அசல் உப்புத்தாள்!). காலை 7 மணி சரி. மறுநாள் மாட்டுங்கள்.